முன்பு குடியிருந்தவரின் கடன் உங்கள் கிரிப் ரிப்போட்டில் (கடன் அறிக்கையில்) ஏறுமா? புதிதாக வாடகைக்குப் போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

திருகோணமலையில், உவர்மலையிலோ பாலையூற்றிலோ உப்புவெளிப் பக்கமோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சாமான் எல்லாம் இறக்கி, பால் காய்ச்சி முடித்த கையோடு, யாரோ ஒருவரின் பெயருக்கு லீசிங் கம்பனியிலிருந்து பதிவுத் தபால் வந்தால் எவருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். அடுத்த கிழமை இன்னொரு கடிதம். அப்புறம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து படலையடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடனே மனதில் ஓடுவது ஒரே கேள்வி: நாளைக்கு நான் ஒரு கடனுக்குப் போனால், இந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு வங்கி என்னைத் திருப்பி அனுப்பிவிடுமா?

அனுப்பாது. இலங்கையில் கடன் பதிவு ஆளின் பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் இருக்கிறது, வீட்டின் பெயரில் இல்லை. முன்பு இருந்தவர் எவ்வளவு கட்டாமல் விட்டுப் போயிருந்தாலும் அது அவருடைய இலக்கத்தோடுதான் போகும். ஆனால் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற சில தொல்லைகள் வேறு இருக்கின்றன, அவற்றை முதல் மாதத்திலேயே ஒழுங்கு பண்ணாவிட்டால் நீங்கள்தான் அலைய வேண்டி வரும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிரிப் என்று எல்லோரும் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகள், பினான்ஸ் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கின்றன, அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற விபரத்தை அங்கே கொடுக்கின்றன. நீங்கள் கடன் கேட்டால் வங்கி உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கும். "அவன் கிரிப்பில விழுந்திட்டான்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு, அங்கே ஒரு கறுப்புப் பட்டியல் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பட்டியல் இல்லை. நன்றாகக் கட்டியவரின் விபரமும் அங்கே இருக்கிறது, கட்டாதவரின் விபரமும் இருக்கிறது. கடன் தருவதா இல்லையா என்று முடிவு எடுப்பது வங்கிதான், கிரிப் அல்ல.

படி 1: உங்கள் சொந்த ரிப்போட்டை எடுத்துப் பாருங்கள்

பயத்தைப் போக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒருவர் தன்னுடைய கடன் அறிக்கையைத் தானே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய்க் கேட்கலாம், கிரிப்பின் இணையத்தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஒரு சிறு கட்டணம் எடுப்பார்கள்.

கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயரும் இலக்கமும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கும்: 19ஐ முன்னால் போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். உங்களுடையதை ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஒரு எண் மாறித் தட்டப்பட்டாலும் வேறு ஒருவரின் கடன் உங்கள் பக்கம் வந்து நிற்கலாம்.

அடுத்தது, நீங்கள் கடனாளியாக உள்ள கடன்கள். அதற்கும் அடுத்தது, நீங்கள் பிணை நிற்கிற கடன்கள். இந்த இரண்டாவது பகுதியை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை, உண்மையில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் அறிக்கையை அண்மையில் எந்தெந்த நிறுவனங்கள் எடுத்துப் பார்த்தன என்பதும் அதில் வரும். நீங்கள் போகாத கம்பனியின் பெயர் அங்கே இருந்தால் ஏன் என்று கேட்டேயாக வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது அதில் இருந்தால், முன்பு இருந்தவர் அந்த விலாசத்தில் வாழ்ந்தார் என்பதற்காக அது வந்திருக்காது. இலக்கம் பிழையாகப் பதியப்பட்டிருக்கும், அல்லது உங்கள் அட்டையின் பிரதியை யாராவது பயன்படுத்தியிருப்பார்கள், அல்லது எப்போதோ வைத்த பிணைக் கையெழுத்தை நீங்களே மறந்திருப்பீர்கள். கிரிப்புக்கு முறைப்பாடு கொடுங்கள், கடன் கொடுத்ததாகக் காட்டும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அந்த விபரத்தை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும், கிரிப் தானாக அழிக்காது. அதனால் நிறுவனத்தை விடாமல் பிடிப்பதுதான் வேலையை முடிக்கும்.

படி 2: திறப்பு வாங்குகிற நாளிலேயே மீட்டரைப் படம் எடுங்கள்

மின்சாரமும் தண்ணீரும் கிரிப்போடு சம்பந்தப்பட்ட விடயங்கள் இல்லை. ஆனாலும் முன்பு இருந்தவர் விட்டுப் போன கடன் உங்களை நேரடியாகத் தொடுவது இங்கேதான். மின் கணக்கு பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில் இருக்கும், குடியிருப்பவர் மாறினாலும் கணக்கு மாறாது. முன்னவர் நாலு மாதம் கட்டாமல் போயிருந்தால் அந்த நிலுவை அப்படியே அடுத்த பில்லில் வரும், சிவப்பு நோட்டீஸ் வரும், லைனை வெட்ட வருகிறவர் யார் எப்போது குடிவந்தது என்று விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்.

ஆகவே திறப்பு கைக்கு வரும்போதே வீட்டுக்காரரை மீட்டருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். மின் மீட்டரிலும் தண்ணீர் மீட்டரிலும் அந்த நேரம் இருக்கிற வாசிப்பைப் போனில் படம் எடுத்து, அங்கேயே வைத்து அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், திகதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். கடைசி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இந்த மாதத்துக்கான தொகைக்கு மேலே முன் நிலுவை என்று ஒன்று தனியாக இருக்கும், மொத்தத்தைப் பார்க்காமல் அந்த வரியைப் பாருங்கள். பில் இல்லை என்றால் கணக்கிலக்கத்தை வாங்கி மின்சார சபையின் 1987க்கும் நீர் வழங்கல் சபையின் 1939க்கும் எடுத்துக் கேட்கலாம். கொஞ்ச நேரம் காத்திருக்க வைப்பார்கள், பரவாயில்லை.

நிலுவை இருந்தால் என்ன செய்வது? அட்வான்ஸ் கொடுக்க முன்னம் அதைக் கட்டி ரசீதைத் தரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். "நீங்க இப்ப கட்டுங்கோ, வாடகையில கழிச்சு விடுறன்" என்று அவர் சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். முகம் பார்த்துக் கேட்க வெட்கப்படுகிற ஆட்கள்தான் இந்த இடத்தில் பணத்தை இழக்கிறார்கள். இது கேட்க வேண்டிய விடயம், ஒரு நல்ல வீட்டுக்காரர் இதற்குக் கோபிக்கவும் மாட்டார்.

படி 3: ஒப்பந்தத்தை எழுதி வையுங்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும், இது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. செலவைப் பார்த்து வெறும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நீங்கள் குடிவந்த திகதி, அன்றைய மீட்டர் வாசிப்புகள், அதற்கு முந்திய நிலுவைகள் வீட்டுக்காரரின் பொறுப்பு என்ற ஒரு வரி, இவ்வளவும் அதில் இருக்கட்டும். இதே திகதிதான் பிறகு கடன் கேட்டு வருகிறவர்களிடம் காட்டவும் உதவும். கிராம சேவகரிடமும் போய்ப் பதிந்துகொள்ளுங்கள், வதிவிடச் சான்றிதழுக்கு எப்படியும் அவரிடம்தான் போகவேண்டும்.

படி 4: கடிதங்கள்

முன்னவரின் பெயருக்கு வருகிற கடிதங்களை உடைக்காதீர்கள். கிழித்தும் எறியாதீர்கள். உறையின் மேல் "இந்த விலாசத்தில் தற்போது வசிப்பதில்லை, அனுப்புநருக்குத் திருப்பவும்" என்று எழுதித் தபால்காரரிடமே கொடுங்கள். அவருடைய பதிவுத் தபாலுக்கு நீங்கள் கையொப்பம் இட வேண்டாம். உங்கள் ஏரியா தபால்காரருக்கு விடயத்தைச் சொல்லி வைத்தால் அவரே அடுத்த தடவை திருப்பிவிடுவார், இங்கே அநேகமான தபால்காரர்களுக்கு யார் எந்த வீட்டில் என்று நன்றாகத் தெரியும்.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். கொண்டுவருகிறவரிடம் அந்த ஆள் இங்கே இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், வாங்கி உள்ளே வைக்காதீர்கள்.

படி 5: ஆட்கள் வீட்டுக்கு வந்தால்

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அதுவும் பகலில் பெண்கள் தனியே இருக்கிற வீடுகளில். நேராக நின்று பதில் சொன்னால் போதும்.

"தம்பி, ஆள் எங்க?"

"அண்ணை, அவர் வீட்டை விட்டுப் போயிட்டார். போன மாசம்தான் நாங்கள் குடிவந்தம். எங்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒப்பந்தம் இருக்குது, வேணுமெண்டால் பாருங்கோ."

ஒப்பந்தத்தைக் காட்டலாம், பிரதி கொடுக்கத் தேவையில்லை. அடையாள அட்டையைக் கையில் கொடுக்கவே கூடாது, போனில் படம் எடுக்கவும் விடக்கூடாது. சில பேர் போகிற நேரம் ஒரு தாளை நீட்டி, "அக்கா, நாங்க வந்து பார்த்தம் எண்டதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ" என்று மெதுவாகச் சொல்வார்கள். வைக்காதீர்கள். எதற்குக் கையெழுத்து என்று உங்களுக்கே தெரியாத தாளில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது. "ஒரு தவணையை மட்டும் கட்டிவிடுங்கோ, பிறகு வரமாட்டம்" என்றாலும் கட்டாதீர்கள், அது உங்கள் கடன் இல்லை, கட்டினால் திரும்பவும் வருவார்கள்.

திரும்பத் திரும்ப வந்து தொல்லை கொடுத்தால் அந்த நிறுவனத்தின் கிளைக்கு எழுத்தில் அறிவியுங்கள். மத்திய வங்கியின் கீழ் வருகிற வங்கியோ பினான்ஸ் கம்பனியோ என்றால், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். மிரட்டினால் பொலிஸ்தான்.

நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கால் (கட்டளையை நிறைவேற்றுகிற நீதிமன்ற அலுவலர்) வந்து முன்னவரின் கடனுக்காகப் பொருட்களைப் பறிமுதல் செய்தாலும், அவர் எடுக்கக்கூடியது கடனாளியின் பொருளை மட்டுமே. உங்கள் பொருளில் கை வைத்தால், அது என்னுடையது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 241ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். டிவி, பிரிட்ஜ், தையல் மெஷின் வாங்கின பில்லுகளை ஒரு கோப்பில் போட்டு வைப்பது அப்போது கைகொடுக்கும். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், திருகோணமலையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது.

உண்மையில் உங்கள் பெயரில் ஏறக்கூடிய கடன்

நம் ஊரில் வீடு கைமாறுவது விளம்பரத்தால் அல்ல, தெரிந்தவர் மூலம்தான். முன்பு இருந்தவர் மனைவியின் தம்பியாக இருப்பார், கூட வேலை செய்தவராக இருப்பார், கோயிலில் பழக்கமானவராக இருப்பார். "மச்சான், வீட்டை நீ எடு, என்ர ஆட்டோ லீசிங்குக்கு ஒரு பிணை மட்டும் போட்டுவிடு" என்று கேட்கும்போது மறுப்பது கஷ்டம். அந்தக் கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து அவர் கட்டாத ஒவ்வொரு தவணையும் உங்கள் அறிக்கையில் பிணையாளி என்ற இடத்தில் தெரியும். கடன் கொடுத்தவனும் உங்களைத் தேடி வருவான், வங்கியும் உங்களைக் கேள்வி கேட்கும். அதற்கும் நீங்கள் இருக்கிற வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கூட்டாகச் சேர்ந்து எடுத்த கடனும் அப்படித்தான். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற நுண்கடனில் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கிறார்கள், குடிவந்த புதிதில் அயலுக்குள் பழகிக்கொள்ள வேண்டும் என்று குழுவில் சேருகிற சகோதரிகள் படிவத்தில் பிணை என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். விளங்கவில்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருவரிடம் வாசித்துக் கேட்டுவிட்டு அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லலாம், எவரும் தடுக்க முடியாது.

லண்டனில் இருக்கிற பிள்ளைகளுக்கு

நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கிற பெற்றோர் இதையும் கேட்கிறார்கள். பிரித்தானியாவிலும் விலாசத்துக்குக் கறுப்புப் பட்டியல் கிடையாது. அங்கே எக்ஸ்பீரியன், ஈகுவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் பதிவு வைத்திருக்கின்றன. கூட்டு வங்கிக் கணக்கு, கூட்டு வீட்டுக் கடன் மாதிரி ஏதாவது ஒன்றில் பெயர் சேர்ந்திருந்தால்தான் இன்னொருவரின் பதிவு உங்களோடு தொடுக்கப்படும், ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்பதால் மட்டும் அல்ல. அப்படிப் பழைய இணைப்பு ஏதாவது இன்னும் பதிவில் இருந்தால் அதைப் பிரித்துவிடும்படி மூன்று நிறுவனங்களுக்கும் எழுதலாம். சட்டப்படியான அறிக்கையை மூன்றிடமும் இலவசமாகவே எடுக்கலாம்.

அங்கே முற்கட்டண மின் மீட்டர் இருக்கிற வீட்டில் மட்டும் உடனே கவனம் வேண்டும், முன்னவரின் கடன் மீட்டரிலேயே ஏற்றப்பட்டிருந்தால் நீங்கள் போடுகிற காசில் அதுவும் கழியும். குடிபுகுந்த அன்றே மின் கம்பனிக்கு எடுத்துப் பெயரையும் திகதியையும் சொல்லி அதை நீக்கச் சொல்லுங்கள். கவுன்சில் வரியும் (அங்கே உள்ளூராட்சி சபைக்குக் கட்டுகிற வரி) உங்களுக்குக் குடிவந்த நாளிலிருந்துதான்.

வங்கிக்குப் போகும்போது

நம் ஊர் வங்கியில் கடனுக்கு விண்ணப்பிக்கிற நாளில் மின் பில் வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும், உங்கள் அடையாள அட்டையில் பழைய விலாசம் இருக்கும், அதிகாரி இதென்ன என்று கேட்பார். வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், நீங்கள் குடிவந்த பிறகு கட்டிய பில்களின் ரசீதுகள், இந்த மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். அந்த விலாசத்தில் முன்பு யாரோ கடன் எடுத்திருக்கிறார் என்று அவர் சொன்னால், ஒப்பந்தத்தில் உள்ள திகதியைக் காட்டி, உங்கள் இலக்கத்தில் கிரிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.