பேஸ்பால் மைதானத்தில் கோஷர் உணவைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் அலுவலக நண்பரை நியூயார்க்கில் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றபோது நான் கற்றுக்கொண்ட முறை இது.

முதலில் நாளைப் பாருங்கள். நியூயார்க்கின் பேஸ்பால் மைதானங்களான யாங்கி ஸ்டேடியம், சிட்டி ஃபீல்டு இரண்டிலுமே கோஷர் கடைகள் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை இருட்டும் வரை சபாத் ஓய்வு நேரம் என்பதால், முறையான மேற்பார்வையில் நடக்கும் கடைகள் அப்போது இயங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே நல்லது.

அடுத்து, கடை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அணியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது அடுத்த படியில்தான். 'கோஷர் ஹாட் டாக்' என்று பலகை வைத்திருக்கும் சாதாரணக் கடையை நம்பிவிடக் கூடாது. தொத்திறைச்சி பொட்டலத்தில் இருக்கும்வரை கோஷராகவே இருக்கலாம். ஆனால் விலக்கப்பட்ட பன்றி இறைச்சியோ, இறைச்சியோடு சேரக் கூடாத பாலாடைக்கட்டியோ சூடாக்கப்பட்ட அதே தட்டில் வாட்டியவுடன், விதியைக் கடைப்பிடிப்பவர் அதை உண்ண முடியாது. ஆகவே தொத்திறைச்சியின் பிராண்டைப் பார்க்காமல், கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழைத் தேடுங்கள். அதில் அந்தக் கடையின் பெயர், மேற்பார்வை அமைப்பின் பெயர், பொறுப்பேற்ற ரபியின் (யூத மதகுருவின்) கையொப்பம், காலாவதி நாள் ஆகிய நான்கையும் படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் 'மஷ்கியாக்' எனப்படும் மேற்பார்வையாளர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். முறையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஹாட் டாக்கின் மேல் பாலாடைக்கட்டி ஊற்றித் தரும் கடை என்றால் எதையும் கேட்க வேண்டியதில்லை, நகர்ந்துவிடலாம்.

கடையே இல்லாத மைதானத்தில், உறையில் கோஷர் முத்திரை உள்ள தின்பண்டங்களே துணை. வட்டத்துக்குள் 'யூ' எழுத்து இருந்தால் அது ஓ.யூ. அமைப்பின் சான்று, பக்கத்தில் 'டி' இருந்தால் பால்பொருள் வகை. வெறும் 'கே' எழுத்து மட்டும் இருந்தால் சான்றளித்தவர் யாரென்று தெரியாது என்பதால் நான் அதை வாங்குவதில்லை. செயலிகளைவிட, சான்றளிக்கும் அமைப்பின் இணையதளத்தையே நான் நம்புகிறேன். இறைச்சி உண்டவருக்கு உடனே ஐஸ்கிரீம் வாங்கி நீட்டாதீர்கள். பலர் 6 மணி நேரம் காத்திருந்த பிறகே பால்பொருள் உண்பார்கள்.

பிற்சேர்க்கை: ஏப்ரல் மாத ஆட்டங்களைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். யூதர்களின் பாஸ்கா பண்டிகை பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. அமெரிக்காவில் மரபுப்படி கொண்டாடுவோர் அந்த 8 நாள்களும் புளித்த மாவில் செய்த பன்னைத் தொடமாட்டார்கள். வழக்கமான கோஷர் சான்று அந்த நாள்களுக்குப் போதாது, பாஸ்காவுக்கெனத் தனிச் சான்று வேண்டும். வீட்டிலிருந்து பழங்களை எடுத்துச் செல்ல மைதானம் அனுமதிக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.