பழுதாகி வரும் வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

மட்டக்களப்பில் விடிய விடிய நடக்கும் கூத்துகளைப் பதிவு செய்பவர்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கைப் படமெடுப்பவர்கள், கல்யாண வீட்டு வீடியோக்காரர்கள் எனப் பலருடைய பல வருட உழைப்பு ஒற்றை வன்தட்டில் கிடப்பதைப் பார்க்கிறோம். அத்தகைய தட்டு கோப்புகளைத் திறக்கத் தாமதிக்கத் தொடங்கிவிட்டால், அதற்கு இன்னும் சில மணி நேர ஆயுளே மிச்சம் என்று எண்ணிக்கொண்டு, அந்த நேரத்தைச் சோதனைகளில் கழிக்காமல் நகலெடுப்பதற்கே செலவிட வேண்டும்.

முதலில் தட்டின் சத்தத்தைக் கேளுங்கள். வாசிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீற்றர் உயரத்தில் மிதப்பது. அது பழுதடைந்தால் ஒரே இடைவெளியில் 'டக், டக்' என்றோ, உரசுவது போலவோ சத்தம் வரும். அந்நிலையில் ஒவ்வொரு தடவை மின்சாரம் கொடுக்கும்போதும் தரவு பதிந்துள்ள மேற்பரப்பு சுரண்டப்படக்கூடும் என்பதால், உடனே நிறுத்திவிட்டுத் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. மூடியைக் கழற்றிப் பார்ப்பது வேலையைக் கெடுக்கும்.

சத்தம் ஏதும் இல்லையென்றால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டின் மிகச் சிறிய சேமிப்புக் கூறுகளின்) எண்ணிக்கை, சி6 என்பது திருத்த முடியாதவற்றின் எண்ணிக்கை, சி5 என்பது வாசிக்க முடியாமல் தடுமாறி நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி5 பூச்சியமாக இல்லாவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. மூன்றும் பூச்சியமாக இருந்தும் தட்டு இழுபட்டால் அதையும் நம்ப வேண்டாம்.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். தட்டை ஃபோர்மட் செய்யவா, பிழைகளைத் திருத்தவா என்று வின்டோஸ் கேட்கும், இரண்டுக்கும் மறுத்துவிடுங்கள். அப்படித் திருத்தும் வின்டோஸின் செக்டிஸ்க் (chkdsk) என்பது கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவியே தவிர, கோப்புகளை மீட்கும் கருவி அல்ல. அது தளர்ந்த தட்டின் மேலேயே எழுதுவதால், நகலெடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய கோப்புகளும் துண்டு துண்டாகிப் போகலாம். எடுத்த எடுப்பிலேயே செக்டிஸ்க்கை ஓடவிடும் திருத்துநரிடம் தட்டைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

தட்டு இன்னும் திறக்கிறதென்றால், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். ஆவணங்களும் படங்களும் அளவில் சிறியவை. பெரிய வீடியோக்கள் பின்னால் வரலாம். ஏதாவதொரு கோப்புறையில் கணினி உறைந்து நின்றால், அதனுடன் மல்லுக்கட்டாமல் முழுத் தட்டின் பிம்பத்தை, அதாவது தட்டில் உள்ளதை உள்ளபடியே ஒரே கோப்பாக்கும் நகலை, எடுக்கும் வேலைக்கு மாறிவிடுங்கள்.

அதற்கு நான் பயன்படுத்துவது டிடிரெஸ்கியூ (ddrescue) என்னும் நகலெடுக்கும் நிரல். சிஸ்டம்ரெஸ்கியூ என்னும் லினக்ஸ் தொகுப்பை யூஎஸ்பியில் ஏற்றிக் கணினியைத் தொடக்கினால் அது அதற்குள்ளேயே கிடைக்கும். நகலை வாங்கும் தட்டு, பழுதான தட்டின் கொள்ளளவை விடப் பெரியதாக இருக்க வேண்டும்; ஃபாட்32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாதாகையால், அது என்டிஎஃப்எஸ் போன்ற வேறு முறையில் இருப்பது அவசியம். கட்டளையில் முதலில் பழுதான தட்டும், அடுத்துப் பிம்பக் கோப்பும், மூன்றாவதாக, எதுவரை படித்தது என்பதைக் குறித்துவைக்கும் வரைபடக் கோப்பும் வரும். முதலிரண்டையும் மாற்றி எழுதினால் மீட்க வேண்டியதை நீங்களே அழித்துவிடுவீர்கள். ஆகவே தட்டின் பெயரைக் கொள்ளளவோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபாருங்கள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைத் துருவித் துருவிப் படிப்பதைத் தவிர்க்கும் 'என்' (-n) தெரிவைக் கொடுத்து, நல்ல பகுதிகள் முழுவதையும் அள்ளிக்கொள்ளுங்கள். அதன்பின், மிஞ்சிய கெட்ட பகுதிகளுக்கு மட்டும் மூன்று முறை முயலுமாறு இரண்டாவது ஓட்டத்தை விடலாம்.

வரைபடக் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊருக்கு அது மிகவும் பொருந்தும். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட் தட்டை நகலெடுக்கவே மூன்று மணி நேரத்துக்குக் கிட்டப் பிடிக்கும். தளர்ந்த தட்டுக்கு நாட்கணக்கும் ஆகலாம். இடையில் கரண்ட் போனால், எதுவரை படித்தது, எங்கே தவறியது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருப்பதால், அதே கட்டளையை மறுபடி கொடுத்தவுடன் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இதன் அருமை தெரிந்தது. வரைபடக் கோப்பை நினைவகத்தில் விடாமல், நகலை வாங்கும் தட்டிலேயே சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் வேலையை நிறுத்தி இணைப்புகளைக் கழற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஓடும் தட்டுக்கு ஒரு மேசை மின்விசிறியின் காற்று போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தெடுக்கும் பழைய வைத்தியம் நமது கடற்கரை ஈரக்காற்றில் ஆபத்தானது. வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தில் நீர் படியும்.

2011 தை மாத வெள்ளம் போன்ற ஒன்றில் நனைந்த தட்டு என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மின்சாரம் கொடுக்காமல், வெயிலில் காயவைக்காமல், ஈரம் உலராதவாறு காற்றுப் புகாத உறையிலிட்டு நிலையத்துக்கு அனுப்புங்கள். உலர்ந்தால் உப்பும் சேறும் தட்டின் மேல் இறுகிவிடும்.

பிம்பம் கிடைத்தபின் மூலத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பிம்பத்தின் பிரதி ஒன்றில் டெஸ்ட்டிஸ்க் என்னும் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். தொலைந்த தட்டுப் பிரிவுகளும் (பார்ட்டிஷன்) கோப்புறைகளும் பெயரோடு திரும்பலாம். அது கைகொடுக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்னும் இன்னொரு மீட்பு மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது கோப்பின் உள்ளமைப்பை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் கிடைக்கமாட்டா. தட்டு, வின்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்ட கோப்பின் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முழு இரவுக் கூத்தின் பதிவு என்றால் வரவுப் பாட்டில் தொடங்கி மங்களம் வரை ஓடவிட்டுப் பாருங்கள். இடையில் படம் உறைந்தால், பழைய தட்டை எறியாமல் வைத்திருந்தால் அந்தத் துண்டுக்காக இன்னொரு முறை முயலலாம்.