பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கீலெஸ் முறைக்கு மாற்றுதல்

கால்களின் மேல் கிடையாக நிறுத்தி, தந்திகளின் மேல் உலோகப் பாரை நகர்த்தியும் பெடல்களால் சுருதியை மாற்றியும் வாசிக்கும் கருவி பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துத் தந்தி கொண்ட அதன் இடக்கோடியில் உள்ள கீ ஹெட்டை (தந்திகளைச் சுற்றி முறுக்கும் கீகள் கொண்ட தலைப்பகுதியை) கழற்றிவிட்டு, கீலெஸ் ட்யூனர்களை (கீ இல்லாமல், தந்தியைக் கவ்வித் திருகால் இழுப்பவற்றை) பொருத்த நினைப்பவர்களில் பலர், கருவியின் நீளம் குறையும், எடை குறையும் என்பதையே முதலில் எண்ணுகிறார்கள். அவை கூடுதல் வசதிகள்தாம். உண்மையான மாற்றம், ரோலர் நட்டுக்கு (தந்திகளைத் தாங்கும் உருளைகள் கொண்ட இடப்பக்கத் தாங்கிக்கு) அப்பால் ஒலிக்காமல் கிடக்கும் தந்தியின் நீளத்தில் நிகழ்கிறது. பெடலை அழுத்தும்போது, வலக்கோடியில் தந்திகளை இழுக்கும் அமைப்பான சேஞ்சர் அந்தப் பகுதியையும் சேர்த்தே இழுக்கிறது. அதனால் நட்டின் மேல் தந்தி முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த உராய்வினால்தான் பெடலை விட்ட பிறகும் சுருதி பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. அப்பால் கிடக்கும் நீளம் குறைந்தால் இந்த நகர்வும் குறையும். ஆனால் பெடலை அழுத்தும்போது மற்றத் தந்திகளின் சுருதி சற்று இறங்கும் குறை, உடற்பகுதி வளைவதால் வருவது. அது கீலெஸ் ஹெட்டினால் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே சொல்வன, சுருதியை ஏற்றுவதும் இறக்குவதும் கம்பிகளின் இழுப்பாலேயே நடக்கும் ஆல்-புல் வகைக் கருவிக்கு உரியவை. 1960களில் வந்த எம்மன்ஸ் நிறுவனத்தின் புஷ்-புல் (இழுத்தும் தள்ளியும் சுருதி மாற்றும் வகை) போன்ற பழைய கருவி உங்களிடம் இருந்தால், அதில் கை வைக்காதீர்கள். எக்செல், எம்.எஸ்.ஏ. ஆகிய நிறுவனங்கள் கீலெஸ் கருவிகளையே செய்திருக்கின்றன; அத்தகைய ஒன்றை வாங்கிக்கொள்வது, மீண்டும் கிடைக்காத ஒரு கருவியில் துளையிடுவதைவிட மேலானது.

எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுங்கள். பல கருவிகளில் ரோலர் நட் கீ ஹெட்டின் வார்ப்போடு சேர்ந்தே இருப்பதால், ஹெட்டைக் கழற்றினால் நட்டும் போய்விடும். அதோடு கருவியின் ஸ்கேல் நீளமும் (ஒலிக்கும் தந்தியின் நீளமும்) கைவிட்டுப் போகும். எனவே நட் உருளைகளின் உச்சியிலிருந்து சேஞ்சரின் உச்சி வரை உள்ள தூரம், தந்திகளின் இடைவெளி, மேற்பலகையிலிருந்து தந்தியின் உயரம் ஆகிய மூன்றையும் வெர்னியர் கொண்டு அளந்து எழுதி வையுங்கள். ஸ்கேல் பெரும்பாலும் 24 அல்லது 24¼ அங்குலமாக இருக்கும். புதிய நட் அரை மில்லிமீட்டர் விலகினாலும், ஃபிரெட் கோடுகளுக்கு நேராகப் பாரை வைத்துப் பழகிய கண்ணுக்கு அது தொல்லையாகும்.

அடுத்தது ட்யூனரின் திருகு எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்னும் கணக்கு. நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். இ9 என்னும் வழக்கமான சுருதியமைப்பில் மூன்றாம் தந்தி 0.011 அங்குலத் தடிமனுடைய ஜி ஷார்ப்; 616 மி.மீ. ஸ்கேலில் அது சுருதிக்கு வர, தளர்ந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 6.5 மி.மீ. நீள வேண்டும். ஐந்தாம் தந்தியான பி, 2.5 மி.மீ.க்கும் குறைவாகவே நீள்கிறது. இப்போது 0.7 மி.மீ. மரை இடைவெளி கொண்ட சாதாரண எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) திருகு தந்தியை நேராக இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று, மூன்றாம் தந்தியில் ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தை மாற்றும். ஐந்தாம் தந்தியிலோ இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் மாற்றிவிடும். சிறு திருப்பலுக்கே அவ்வளவு மாற்றும் திருகைக் கொண்டு மேடையில் நுட்பமாகச் சுருதி சேர்ப்பது பெரும் பாடு. ஆகவே நேரிழுப்புக் கட்டையைவிட, ஓர் அச்சில் சுழலும் விரல் வடிவ ட்யூனரையே நான் பரிந்துரைப்பேன்; திருகு தள்ளும் கை, தந்தி பிடிக்கும் கையைப்போல் இரு மடங்கு நீளமாக இருந்தால், அதே திருகின் நுட்பம் இரட்டிப்பாகும். எந்த வகையானாலும் தந்திப் பக்கத்தில் குறைந்தது 10 மி.மீ. நகர்வு கிடைக்க வேண்டும். தந்திகளின் இடைவெளி 9 மி.மீ.க்கும் குறைவு என்பதால், கைப்பிடிகளை இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி அமைப்பதோ, ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) திருகும்படி வைப்பதோதான் வழி.

தந்தியைப் பிடிக்கும் கவ்வியில் திருகின் முனை தந்தியை நேராகத் தொடக் கூடாது. முனை கம்பியை வெட்டிவிடும். இடையில் ஒரு பித்தளைத் துண்டை வையுங்கள்.

உடற்பகுதியை அறுத்துக் குட்டையாக்கும் வேலையை முதல் முயற்சியில் தவிர்க்கச் சொல்வேன். கால்களும் பெடல் சட்டமும் அதோடு இடம் மாற வேண்டியிருக்கும். பழைய கீ ஹெட் இருந்த இடத்திலேயே ஓர் அலுமினியத் தகட்டைப் பழைய திருகுத் துளைகள் வழியாகவே முடுக்கி, அதன் மேல் புதிய ஹெட்டையும் நட்டையும் பொருத்தினால், மனம் மாறும்போது பழையதைத் திரும்ப வைத்துவிடலாம். நட்டைத் தாண்டியதும் தந்தி மிதமான சரிவில் கீழிறங்க வேண்டும். சரிவு போதாவிட்டால் தந்தி உருளையில் இரைச்சலிடும். மிகுந்தால் நாம் ஒழிக்க வந்த உராய்வே திரும்பி வரும். நட்டிலிருந்து கவ்வி வரை 25 மி.மீ. அளவில் வைப்பது நல்லது.

தந்தி கட்டும்போது எல்லாத் திருகுகளையும் முழுதும் தளர்த்திவிட்டு, தந்தியை இடுக்கியால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கவ்வியை முடுக்குங்கள். சுற்றுத் தந்திகளை முதலில் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும்; இல்லையேல் மேற்சுற்று தளர்ந்து ஒலி மங்கும். சுருதிக்கு வந்தபின் திருகில் இன்னும் நகர்வு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தந்தியை மறுபடி கட்டுவதே சரி.

இனி பெடல்கள். அப்பால் கிடந்த நீளம் 100 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. ஆனால், அதே சுர மாற்றத்துக்குத் தேவைப்படும் இழுப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே முதல் முறை ஏ, பி எனப்படும் பெடல்களை அழுத்தும்போது எல்லாச் சுருதியும் தேவைக்கு மேல் ஏறி ஒலிக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். வலக்கோடியில், பெடல் இழுப்புக் கம்பிகளின் முனையில் உள்ள நைலான் ட்யூனர்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி ஒவ்வொரு சுரத்தையும் சேருங்கள். பழைய ஹெட்டில் எந்தத் தந்தி தொலைவிலுள்ள கீயில் கட்டப்பட்டிருந்ததோ, அதற்கே மாற்றம் மிகுதியாக வேண்டும். தளர்த்தியதால் பெடலின் தொடக்கத்தில் வெற்றசைவு தென்பட்டால், பெடலின் மொத்த நகர்வைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்றுக் குறைத்து, நைலான்களை மீண்டும் சரிசெய்யுங்கள். இறுதியில் முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் நெம்புகளையும் இதே முறையில் பாருங்கள்.

புதிய தந்தி ஓரிரு நாள் நீண்டுகொண்டிருக்கும். அது அடங்கிய பிறகு இன்னொரு முறை முழுச் சுருதியையும் சேர்த்துவிட்டு, ஆலன் கீயையும் ஒரு சிறிய இடுக்கியையும் கருவிப் பெட்டியிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மேடையில் மூன்றாம் தந்தி அறுந்தால் அவை இல்லாமல் மாற்றவே முடியாது.