வினைக்கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வேதிவினையில் எந்தப் பொருள் முதலில் தீர்ந்துபோகிறதோ, அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அது தீர்ந்ததும் வினை நின்றுவிடும். மற்றது எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பயனில்லை. கணக்கைப் பார்த்ததும் எடை குறைந்த பொருளைத்தான் பலரும் காட்டுவார்கள். அது ஏன் தவறு என்பதற்கு ஒரு கணக்கு:

54 கிராம் அலுமினியமும் 159.75 கிராம் குளோரின் வாயுவும் வினைபுரிந்தால் எவ்வளவு அலுமினியம் குளோரைடு கிடைக்கும்? (தாளில் மட்டும் செய்யுங்கள். குளோரின் நச்சு வாயு.)

படி 1: சமன்பாட்டைச் சமன் செய்யுங்கள்

2 அலுமினியம் + 3 குளோரின் → 2 அலுமினியம் குளோரைடு

படி 2: கிராமை மோலாக மாற்றுங்கள்

மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு. ஒரு மோலின் எடை (கிராமில்) மோலார் நிறை. கிராமை அதனால் வகுத்தால் மோல் கிடைக்கும்.

அலுமினியம்: 54 ÷ 27 = 2 மோல்
குளோரின்: 159.75 ÷ 71 = 2.25 மோல்

குளோரின் ஈரணு மூலக்கூறு, அதனால்தான் ஓர் அணுவுக்கான 35.5 அல்ல, இரண்டு அணுக்களுக்கான 71. மறந்துபோய் 35.5 ஆல் வகுத்தால் 4.5 மோல் என்று வரும், அடுத்த படியில் முடிவே தலைகீழாகிவிடும். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் வரும் கணக்குகளிலும் இதே கவனம் வேண்டும்.

படி 3: மோலைக் குணகத்தால் (சமன்பாட்டில் பொருளுக்கு முன்னால் உள்ள எண்ணால்) வகுத்து ஒப்பிடுங்கள்

அலுமினியம்: 2 ÷ 2 = 1
குளோரின்: 2.25 ÷ 3 = 0.75

சிறிய ஈவு குளோரினுக்கு. ஆகவே அதுதான் கட்டுப்படுத்துகிறது. எடையிலும் குளோரின்தான் அதிகம், மோலிலும் அதுதான் அதிகம். ஆனாலும் முதலில் தீர்வது அதுவே. 2 மோல் அலுமினியத்துக்கு 3 மோல் குளோரின் வேண்டும், இருப்பதோ 2.25. இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

படி 4: விளைபொருளும் மீதியும்

சிறிய ஈவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விளைபொருளின் குணகம் 2, எனவே 0.75 × 2 = 1.5 மோல். அதன் மோலார் நிறை 133.5. ஆகவே 1.5 × 133.5 = 200.25 கிராம் அலுமினியம் குளோரைடு.

செலவான அலுமினியமும் 1.5 மோல், அதாவது 40.5 கிராம். மீதி 13.5 கிராம்.

சரிபார்க்க: தொடக்கத்தில் மொத்தம் 54 + 159.75 = 213.75. முடிவில் 200.25 + 13.5 = 213.75. மீதி மைனஸில் வந்தால் காரணியைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். படி 3-க்குத் திரும்புங்கள்.

கரைசல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 5 சதவீத வினிகர் 100 மில்லியில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 கிராம்தான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். மோலார் நிறை 60 என்பதால் அது 0.083 மோல். சமையல் சோடாவுடன் 1:1 விகிதத்தில் வினைபுரிவதால், அதற்கு 7 கிராம் சோடா (மோலார் நிறை 84) போதும். வீட்டில் 10 கிராம் போட்டுப் பாருங்கள். நுரை அடங்கியபின் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் மறுபடி பொங்கும்: தீர்ந்திருந்தது அமிலம். சோடாவை 4 கிராமாகக் குறைத்தால், அடங்கியபின் வினிகர் ஊற்றினாலும் பொங்காது. சோடா போட்டால்தான் பொங்கும்.