16 ஜிபி றாம் ஒன்று வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கோ

கிராபிக்ஸ் காட்டுக்குக் காசு காணாமல் றைசன் 5 5600ஜி புறொசெசரோடு கேம் விளையாடப் போறீங்கள் என்றால், 16 ஜிபி றாமை ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கோ. இதற்குள் இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, றாமைத்தான் பாவிக்கும். டிடிஆர்4 வகையில் 3200 வேக றாம் ஒன்று செக்கனுக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு தரும். இரண்டு றாமும் தனித்தனி வழியில் (டுவல் சனல்) ஓடினால் 51.2.

யாழ்ப்பாணத்துக் கடையில் பொருத்தி வாங்கினால் பில்லில் ‘8 ஜிபி – 2’ என்று இருக்கோ பாருங்கோ. மூடியைப் பூட்ட முன்னம் உள்ளேயும் ஒருக்கா பாருங்கோ: றாம் குத்துற ஸ்லொட் நாலு உள்ள மதர்போட்டில் பெரும்பாலும் புறொசெசர் பக்கத்திலிருந்து 2ஆம், 4ஆம் ஸ்லொட்டில் இருக்க வேணும். 1இலும் 2இலும் குத்தினால் ஒற்றை வழிதான், இரண்டு வாங்கியும் பலனில்லை. பயோஸில் (விண்டோஸ் தொடங்க முன்னம் திறக்கிற செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியையும், அதாவது றாமை அதன்ர முழு வேகத்தில் ஓடவிடுற செட்டிங்கையும், போட்டுவிடுங்கோ. இல்லாவிட்டால் பல 3200 றாம்கள் 2133இலோ 2666இலோ கிடந்து இழுபடும்.

தனி கிராபிக்ஸ் காட் இருந்தால் வித்தியாசம் குறைவு. அதோடு போட்டில் இரண்டு ஸ்லொட்தான், பிறகு 32 ஜிபி ஆக்குற எண்ணமும் இருக்கு என்றால், இப்ப 16 ஜிபி ஒன்றே நல்லது.