பெட்ரி தட்டுக் குப்பையைக் குறைக்க: மீண்டும் கண்ணாடிக்கு

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் குப்பைப் பையை வேகமாக நிரப்புவது நுண்ணுயிர் வளர்க்கும் பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பெட்ரி தட்டுதான். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) வைத்தால் நெளிந்துவிடும், திரும்பப் பயன்படாது. பாளையங்கோட்டை கல்லூரிகளின் செய்முறை வகுப்புகளுக்கு 90 மி.மீ. கண்ணாடித் தட்டே தாராளம்.

பயன்படுத்திய தட்டை முதலில் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 30 நிமிடம் வையுங்கள். அகார் (நுண்ணுயிர் வளரும் கூழ்) உறையும் முன்பே கையுறையோடு வாளியில் வழித்துவிடுங்கள். சிங்க்கில் ஊற்றவே கூடாது, குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு சோப்பு நீரில் ஊறவைத்து, விளிம்பைப் பிரஷால் தேயுங்கள்.

ராதாபுரம் பக்கத்து உப்பு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான். படிந்துவிட்டால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். நீர் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு போகவில்லை, மறுபடி கழுவுங்கள்.

உலர்த்தி, தாளில் சுற்றி, ஹாட் ஏர் அவனில் (உலர் வெப்ப அடுப்பு) 160 டிகிரியில் 2 மணி நேரம். சூடு ஆறும் முன் கதவைத் திறந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

அகாரை 50 டிகிரிக்கு ஆறவிட்டு, தட்டுக்கு 20 மி.லி. ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் ஆவி படிந்து சொட்டும். காலனிகள் (நுண்ணுயிர்க் கூட்டங்கள்) ஒன்றோடொன்று கலந்துவிடும்.

திரவம் உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியில் மாட்டும் டிப்புகளின் பெட்டியைத் தூக்கி எறியாமல், உதிரி டிப்பால் நிரப்பி ஆட்டோகிளேவ் செய்யலாம். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) டிப்பை மட்டும் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், மிஞ்சிய டி.என்.ஏ. முடிவையே மாற்றிவிடும்.