எரிமலை எவ்வளவு பெரிதாக வெடித்தது? அளந்து பார்க்கலாம்

1985-இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது சுமார் 23,000 பேர் மாண்டார்கள். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் பலிவாங்கியது 57 பேரை. ஆனால் பெரிய வெடிப்பு செயின்ட் ஹெலன்ஸ்தான். ரூயிஸில் பனி உருகி இறங்கிய சேற்று வெள்ளம் ஆர்மெரோ ஊரையே மூடியது; வெடிப்பு என்னவோ சிறியதுதான். ஆகவே சாவுக் கணக்கை ஒதுக்கிவிட்டு, மலை எவ்வளவு கக்கியது என்று பார்ப்போம்.

படி 1: சாம்பலை அளங்கள்

காற்று வாரிக்கொண்டு போகாத சமதளமாகப் பார்த்து, ஸ்கேலைச் செங்குத்தாகக் குத்திப் படிவின் தடிமனைக் குறியுங்கள். ஒரே இடத்தில் நாலைந்து தடவை அளப்பது நல்லது. மழை பெய்தால் சாம்பல் அமுங்கிவிடும். அளந்த தேதியையும் எழுதுங்கள்.

படி 2: வரைபடத்தில் கோடு

ஒரே தடிமன் உள்ள இடங்களை இணைத்தால் மலையைச் சுற்றி வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தின் பரப்பையும் கட்டம் எண்ணிக் கண்டுபிடியுங்கள். பயிற்சிக்கு ஒரு கற்பனைக் கணக்கு: 37 செ.மீ. வளையத்துக்குள் 400 சதுர கி.மீ., 13.5 செ.மீ. வளையத்துக்குள் 1,600. இவற்றின் வர்க்கமூலம் 20, 40.

படி 3: கன அளவு

இங்கேதான் பலரும் திணறுவார்கள், நிதானமாகப் போவோம். 37-ஐ 13.5-ஆல் வகுத்து, விடைக்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்தால் ஏறக்குறைய 1. அதை 20-ஆல் (40 − 20) வகுத்தால் 0.05, இதுதான் தேய்வு விகிதம், அதாவது மலையை விட்டு விலக விலகப் படிவு மெலியும் வேகம். அதே விகிதத்தில் பின்னோக்கிப் போனால் எரிமலையின் வாயருகே தடிமன் 1 மீட்டர், அதாவது 0.001 கி.மீ. இதை இரட்டித்து, தேய்வு விகிதத்தின் வர்க்கத்தால் வகுங்கள்: 0.002 ÷ 0.0025 = 0.8 கன கி.மீ. நிஜப் படிவுகளில் தொலைவில் விழும் நுண்சாம்பல் மெதுவாகவே தேயும். அதற்குத் தனிக் கணக்கு போட வேண்டும்.

படி 4: குறியீட்டெண்

எரிமலை வெடிப்புக் குறியீட்டெண் (VEI) என்பது எரிமலை ஆய்வாளர்கள் நியூஹாலும் செல்ஃபும் 1982-இல் தந்த 0 முதல் 8 வரையிலான அளவுகோல். 0.1 முதல் 1 கன கி.மீ. வரை 4, 1 முதல் 10 வரை 5, அப்படியே பத்து மடங்காக ஏறும். 1991 பினாட்டுபோ 6, 1815 தம்போரா 7. நம் கணக்கு 4. இன்னும் 0.2 கூடியிருந்தால் 5 ஆகியிருக்கும்!

படி 5: நிறை

0.1-க்கும் 0.8-க்கும் ஒரே 4 என்பது குறைதான்; அதைத் தீர்க்க நிறையைப் பாருங்கள். கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்தால் மொத்தம் 80,000 கோடி கிலோ. அதன் 10-அடிமான மடக்கை 11.9, அதில் 7 கழித்தால் 4.9, இதுதான் நிறையை வைத்துச் சொல்லும் வெடிப்பின் அளவெண். இப்போது 5-ஐ ஒட்டி நிற்பது தெரிகிறது. குறியீட்டெண்ணில் சேராத எரிகுழம்பையும் இதில் சேர்க்கலாம். 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி சுமார் 14 கன கி.மீ. குழம்பைக் கொட்டியும் குறியீட்டெண்ணில் வெறும் 4தான்.

வெடிப்புகளை ஒப்பிடும்போது, குறியீட்டெண்ணில் தெரியாத கந்தக டை-ஆக்சைடு வாயுவுக்கு ஒரு தனிப் பத்தி விடுங்கள். 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோனும் செயின்ட் ஹெலன்ஸைப் போலவே 5தான். ஆனால் செயின்ட் ஹெலன்ஸ் விட்டது சுமார் 10 லட்சம் டன், எல் சிச்சோன் சுமார் 70 லட்சம் டன்.